ஏதும் சொல்லுவினமோ

எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்த அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் வாசித்துவிட்டு என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும்.

"பிள்ளை, இப்பிடி எழுதினதுக்கு ஏதும் சொல்லுவினமோ?"

யார் சொல்லுவார்கள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யன்னல் கம்பியில் துவாயைக் காயப்போட்டால் ஏதும் சொல்லுவினமோ. பார்க்கில் இருக்கும் வாங்கில் நெடுநேரம் இருந்தால் ஏதும் சொல்லுவினமோ. கீழே குப்பைத் தொட்டியில் பலாக்கொட்டைத் தோலைப் போட்டால் மணக்கும், ஏதும் சொல்லுவினமோ. நான் சிரித்துக்கொண்டு, "ஆர் அக்கா சொல்லுறது?" என்று கேட்டால் முகம் சின்னதாகிவிடும். "இல்லை, சும்மா கேட்டனான்" என்று சொல்லிவிட்டுச் சுவரோடு ஒட்டிப் படியேறிப் போய்விடுவார்.

பாரிஸில் எங்கள் லா ஷப்பலில் தேர் வரும் நாளில் தெரு முழுக்கத் தேங்காய் உடைப்பார்கள். சிதறிய தேங்காயும் இளநீரும் கற்பூரக் கரியுமாக, நடந்தால் கால் வழுக்கும். ஒரு வருடம் தேர் தாண்டிப் போனதும் எல்லோரும் அதன் பின்னால் போனார்கள். அக்கா மட்டும் பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, சிரட்டைத் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அக்கா, பிறகு லொறி வந்து கூட்டும், விடுங்கோ" என்றேன். "அதுக்குள்ளை ஆரும் வெள்ளையள் விழுந்தால்?" என்றார். "தமிழ்ச் சனம் எண்டு ஏதும் சொல்லுவினமெல்லோ?" கொஞ்சத் தூரத்தில் தேர்வடம் பிடித்துக்கொண்டிருந்த அவருடைய கணவர் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வைதான். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பயமே ஒருவருடைய சுபாவம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் அப்போது ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். விமான டிக்கெட், போன் சிம், போட்டோக் கொப்பி, அதோடு பிரெஞ்சு தெரியாதவர்களுக்கு ப்ரெஃபெக்சர் என்ற அரச அலுவலகத்தில் வதிவிட விசாக் கார்டுக்கு ரொந்தெவு, அதாவது சந்திப்பு நேரம், எடுத்துக் கொடுப்பது. சின்ன வயதிலேயே அம்மாவோடு வந்து இங்கே பள்ளிக்கூடம் போனவள் என்பதால், கடைக்கு வருகிறவர்களின் பாதிப் பயம் என் காதுக்கு வந்துவிடும். அம்மாவும் நானும் மூன்றாம் மாடி. அக்காவின் வீடு எங்கள் தலைக்கு மேல்.

அக்கா கிளிநொச்சிக்கு அங்காலே ஒரு ஊர். யுத்தம் முடிந்த பிறகும் பல வருடம் அங்கேயே இருந்துவிட்டு, பேச்சுக் கலியாணத்தில் பாரிஸ் வந்தவர். கணவர் அவரைவிட நன்றாக மூத்தவர். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்தவர். ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோரண்டில் சமையல். செத்தவீடு என்றால் முதல் ஆளாக நிற்பார். அம்மா சாமான் தூக்கிக்கொண்டு படியேறினால், "அன்ரி, தாங்கோ, கனமெல்லோ" என்று வாங்கிக்கொள்வார். ரூ காய் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும், "தங்கமான மனுசன்" என்பார்கள். அக்கா வீட்டை விட்டு வெளியே வருவது அவருக்கு ஓய்வு இருக்கும் நாட்களில் மட்டும்தான். கூச்ச சுபாவம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் முதலாம் மாடியில் குசினியில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பெரிய நெருப்பில்லை, ஆனால் புகை படிக்கட்டை அடைத்துவிட்டது. எல்லோரும் ஓடி நடைபாதைக்கு வந்துவிட்டோம். அம்மா அண்ணாந்து பார்த்தவர், என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்கை பார். மேலை அவ நிக்கிறா."

அக்கா யன்னலில் நின்றார். கத்தவில்லை. கை அசைக்கவில்லை. நாங்கள் ஏதோ ஊர்வலம் போகிறோம், அதைப் பார்க்கிறார் என்பதுபோல நின்றார். அம்மா தடுக்கத் தடுக்க நான் சால்வையை மூக்கில் கட்டிக்கொண்டு ஏறினேன்.

"அக்கா, கதவைத் திறவுங்கோ!"

"திறப்பு என்னட்டை இல்லைப் பிள்ளை."

"என்னது?"

"அவர் பூட்டிக் கொண்டு போட்டார்." கதவுக்குள்ளிருந்து குரல் இருமலோடு வந்தது. பிறகு, இன்னும் மெதுவாக: "பிள்ளை, கதவை உடைச்சால் வீட்டுக்காரன் ஏதும் சொல்லுவானோ?"

என் பின்னால் ஏறி வந்த தீயணைப்புக்காரர்கள் என்னைச் சுவரோடு தள்ளிவிட்டுக் கதவை உடைத்தார்கள். அக்கா செருப்புப் போட்டு, தலையை வாரி இழுத்து, ஒரு பையில் உடுப்பும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். உடைந்த கதவைப் பார்த்துத்தான் அழுதார்.

அன்று பின்னேரம் கணவர் ஒரு பெட்டிக் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்காவும் கூட. "பழக்கத்திலை இழுத்துப் பூட்டிட்டன் அன்ரி. என்ரை பிழை. நினைக்க நெஞ்சு பதறுது" என்றார். அம்மா கேக்கை வெட்டினார். அவர் பேசிக்கொண்டே அக்காவின் தோளில் கையை வைத்தார். ஊசி ஏறி முடியும்வரை அசையாமல் இருப்போமே, அப்படி இருந்தார் அக்கா. தட்டில் இருந்த கேக் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு கதவு பூட்டுவது நின்றது. புதுக் கதவுக்கு இரண்டு திறப்பு வந்தது. ஆனால் அக்காவின் பாஸ்போர்ட்டும் கார்டும் கணவரின் பையில்தான். அவர் அடிப்பதில்லை. குரலை உயர்த்துவதுகூட இல்லை. கறியில் உப்புக் கூடினால், "நான் ஒரு சொல்லுச் சொன்னால் நீ பிளேனிலை" என்பாராம். ஊருக்கு போன் எடுத்து நீண்ட நேரம் கதைத்தால், "கலியாணம் முடிஞ்சால் கார்டும் முடிஞ்சுது, தெரியுமெல்லோ?" என்பாராம், தேத்தண்ணி கேட்கும் அதே தொனியில். படியில் என்னைச் சந்திக்கும்போது அக்கா இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லுவார். சொல்லி முடித்துவிட்டு மேலேயும் கீழேயும் எட்டிப் பார்ப்பார்.

கணவர் சொன்னதில் உண்மையும் இருந்தது என்பதுதான் பயங்கரம். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவி என்ற ஒரே காரணத்தால் கொடுக்கப்பட்ட கார்ட் அது. காலம் முடிந்து பத்து வருடக் கார்டாகப் புதுப்பிக்கும்போது இருவரும் சேர்ந்து வாழ்கிறோம் என்று இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். பிரிந்துவிட்டால் கார்டின் காரணமே போய்விடும். கடைக்கு வருகிற ஆட்களின் இந்தக் கதைகளை நான் கேட்டிருக்கிறேன். ஒரு பெண் விவாகரத்துத் தீர்ப்பையும் நாட்டை விட்டுப் போகச் சொன்ன கடிதத்தையும் ஒரே நாளில் கொப்பி எடுக்கக் கொண்டு வந்திருந்தார்.

கார்ட் முடிய ஓரிரு மாதம் இருக்கும்போது கணவர் வீட்டை விட்டுப் போனார். பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் ஒரு கூட்டாளி வீட்டில் இருப்பதாகவும், விவாகரத்து எடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். அக்கா ரூ காயில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் ஆறுதலாக மூச்சுவிட்டேன். அக்கா விடவில்லை.

"அவர் வந்திட்டுப் போறார் பிள்ளை."

"எங்கை?"

"வீட்டுக்குள்ளை. நான் வேலைக்குப் போன நேரம். திறப்பு இருக்கெல்லோ அவரிட்டை. ஒண்டும் எடுக்கேல்லை. என்ரை சீப்பைக் குளியலறையிலை இருந்து எடுத்துக் கட்டிலிலை வைச்சிருக்கிறார்."

"நீங்கள்தான் மறந்துபோய்..."

"இல்லைப் பிள்ளை." அவர் என்னை நேராகப் பார்த்தார். "நான் ஒரு பொருளையும் இடம் மாத்தி வைக்கிறேல்லை. பிழை வந்திடுமெண்டு."

அடுத்த வாரம் தலையணை சமையல் மேசையில் இருந்தது. அதற்கடுத்த முறை கலியாணப் படம் குப்புறக் கிடந்தது. அதிலிருந்து படியில் காலடி கேட்டால் என் வீட்டுக்குள்ளேயே நானும் எழுந்து பூட்டைச் சரிபார்க்கத் தொடங்கினேன். அக்காவின் பயம் தொற்றிக்கொள்ளும் வகை.

பிறகு கணவர் என் கடைக்கே வந்தார். இஸ்திரி போட்ட சேர்ட், அதே சிரிப்பு.

"தங்கச்சி, அக்காவுக்கு ரொந்தெவு எடுத்துத் தாங்கோ. நான் வந்து கையெழுத்து வைக்கிறன். என்னாலை அவவின்ரை வாழ்க்கை பழுதாகக் கூடாதெல்லோ? கார்ட் வந்தாப் பிறகு அமைதியா விவாகரத்தை முடிப்பம். அவ மட்டும் அங்கை இஞ்சை ஒண்டும் கதைக்காமல் இருந்தாக் காணும்."

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். சேலைக் கடை முதலாளி அம்மா, "பாத்தியா, எப்பிடிப்பட்ட மனுசன்" என்றார். அம்மாவும் நல்லதென்றார். அக்கா என் வீட்டுக் கதிரையில் நுனியில் இருந்துகொண்டு விரல்களை நெரித்தார்.

"கையெழுத்து வைச்சாப் பிறகும் நான் அவரின்ரை கையிலைதானே பிள்ளை? எப்ப வேணுமெண்டாலும், 'பொய் சொல்லி எடுத்தவ' எண்டு ஒரு காயிதம் போட்டால் போதும். பத்து வருசமும் அந்தக் காயிதத்துக்காகக் காத்திருக்க வேணும்."

"வைக்காட்டி?"

"வைக்காட்டி அனுப்புவினம்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம். அடுத்த நாள் கடையில் ரொந்தெவை எடுத்தேன்.

ப்ரெஃபெக்சருக்கு மொழிபெயர்க்க நானும் போனேன். மூவரும் மெட்ரோவில் ஒன்றாக இருந்தோம். அவர் அக்காவின் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய ஒரு மதாம். கோப்பைப் புரட்டி, எல்லாம் சரி என்று தலையாட்டி, சேர்ந்து வாழ்வதாகச் சொல்லும் அந்தத் தாளைத் தள்ளினார். கணவர் வாங்கி, அழகாகக் கையெழுத்து வைத்து, பேனையை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா பேனையை வாங்கினார். தாளைப் பார்த்தார். "பிள்ளை, இதிலை என்ன எழுதியிருக்கு? ஒவ்வொரு சொல்லாச் சொல்லும்" என்றார்.

நான் சொன்னேன்.

"வை" என்றார் அவர், மெதுவாக, சிரித்தபடி.

அக்காவின் பேனை முனை தாளில் ஒரு புள்ளி வைத்தது. பிறகு அவர் பேனையை மேசையில் படுக்க வைத்துவிட்டு, மதாமைப் பார்த்து, "நோன்" என்றார். இல்லை என்று. பிரெஞ்சில் அவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்ட முதல் சொல். "இவர் வீட்டிலை இல்லை. போட்டார். சொல்லும் பிள்ளை, அவர் விட்டிட்டுப் போட்டார் எண்டு."

மதாம் கண்ணாடியைக் கீழே இறக்கினார். கணவரைப் பார்த்து, வெளியே இருக்கச் சொன்னார். அவர் எழுந்தபோது குனிந்து அக்காவின் காதருகே சொன்னது எனக்கும் கேட்டது: "உன்னை நீயே அனுப்பிப்போட்டாய்."

மதாம் கெட்டவரில்லை. சேர்ந்த வாழ்க்கை முடிந்திருந்தால் இந்தக் கார்ட் புதுப்பிக்கப்படாமல் போகலாம், முடிந்ததற்கு வேறு காரணம் இருந்தால் அதற்கு ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அதுவரை தற்காலிகமாக ஒரு ரெசிப்பிசே கொடுத்தார். சில மாதங்களுக்கு இங்கே இருக்கலாம் என்று சொல்லும் ஒற்றைத் தாள். அக்கா அதை வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்கினார்.

வெளியே கணவரைக் காணவில்லை; பஸ் தரிப்பில் அக்காவும் நானும் இருந்தோம். என் கோட்டையும் அவர்மேல் போட்டேன்.

"ஏன் அக்கா?" என்று கேட்டேன். "ஒரு கையெழுத்துத்தானே."

அக்கா அந்தத் தாளை நாலாக மடித்தார். பிறகு சொன்னார்: "யுத்தம் முடிஞ்ச நேரம் முகாமிலை ஒருக்கா வைச்சனான். சிங்களத்திலை இருந்தது. தம்பியை விசாரிச்சுப்போட்டு விடுவினம், அக்கா நீ கையெழுத்து வை எண்டாங்கள். எல்லாரும் வை வை எண்டிச்சினம். வைச்சன்." பஸ் ஒன்று வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. "அதுக்குப் பிறகு தம்பியைக் காணேல்லை. அந்தத் தாளிலை என்ன இருந்ததெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது கடைசிவரை சூடாகவில்லை.

அதன் பிறகு லா ஷப்பலில் எல்லோரும் சட்டத்தரணி ஆனார்கள். பிள்ளை இல்லாட்டிக் கட்டாயம் அனுப்புவாங்கள் என்றார் ஒருவர். இத்தாலிக்கு ஓடு என்றார் இன்னொருவர். சேலைக் கடை முதலாளி அம்மா பின்னறையில் குரலைத் தாழ்த்தினார்: "அடிச்சவர் எண்டு சொல்லு. அடிச்சால் கார்ட் குடுப்பாங்களாம். ஆர் பாத்தது?" கூட வேலை செய்த ஒரு பெண், கதவு விளிம்பில் முழங்கையை எப்படி இடித்தால் நீலம் பாயும் என்று செய்தே காட்டினார்.

அக்கா முழங்கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார். "அவர் அடிக்கேல்லை."

"அப்ப போ ஊருக்கு" என்றார் முதலாளி அம்மா.

எதற்கும் அஞ்சி அஞ்சி நடந்த மனுசி, இந்த ஒன்றில் மட்டும் அசையவில்லை. "அடிக்காத ஆளை அடிச்சவர் எண்டு சொன்னால், நாளைக்கு அடைச்சு வைச்சதையும் பொய்யெண்டுதானே சொல்லுவினம்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போதுதான் ஒரு எண்ணம் வந்தது. பெண்களுக்கு உதவும் ஒரு சங்கம் இருக்கிறது என்று கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு இளம் பெண் சட்டத்தரணி எடுத்த எடுப்பில் அடியைப் பற்றிக் கேட்கவேயில்லை. வீட்டுத் திறப்பு யாரிடம் இருந்தது, பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். கடைசிக் கேள்வியை நான் மொழிபெயர்த்ததும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இதுவும் வன்முறைதான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது" என்றார் சட்டத்தரணி. "அதனால் மணவாழ்க்கை முறிந்திருந்தால் கார்டைக் கேட்கலாம். ஆனால் பொலிஸில் சொல்ல வேண்டும். பார்த்தவர்கள் எழுதித் தர வேண்டும்."

பொலிஸ் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் அக்கா இரண்டு தடவை நின்று, திரும்பிப் போவோம் என்றார். உள்ளே போனதும், சீருடையைக் கண்டதும், கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றார். ஒரு இளம் அதிகாரி கணினியில் தட்டிக்கொண்டே கேட்டார். அடித்தாரா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒரு கணத்தில் எனக்குள் முதலாளி அம்மாவின் குரல் கேட்டது. அதற்குள் அக்கா, ஃப்ராப்பே என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவரே சொல்லிவிட்டார்:

"நோன் மிசியே. பா ஃப்ராப்பே." அடிக்கவில்லை.

அதிகாரி தட்டுவதை நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்தேன். "அப்ப எதற்கு வந்தீர்கள்?" என்றார்.

அக்கா கதிரையில் இருந்தார். கதவு, புகை, பாஸ்போர்ட், பிளேன், சீப்பு, தலையணை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் சொன்னேன். எதையும் கூட்டவில்லை. தனக்குத் தெரியாததை, "அது எனக்குத் தெரியாது" என்றே சொன்னார். சீப்பு இடம் மாறியதைச் சொன்னபோது அதிகாரி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி தட்டத் தொடங்கினார். இந்த முறை நிறுத்தவில்லை.

பார்த்தவர்கள் எழுதித் தருவதுதான் கடினமாக இருந்தது. எழுதுவதோடு தங்கள் அடையாள அட்டைக் கொப்பியையும் வைக்க வேண்டும். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசக் கார்டியன் மதாம் மட்டும் மறுநாளே எழுதித் தந்தார். எங்கள் சனம் ஒருவரும் இல்லை. கதவு உடைபட்டதைப் பார்த்தவர்களே, அன்றைக்குத் தாங்கள் வேலையில் என்றார்கள். எங்கள் வீட்டிலும் அம்மா, "எங்கடை கார்டை ஏன் அங்கை குடுக்கவேணும்? பிறகு எங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்தால்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் சண்டை பிடிக்கவில்லை. அம்மாவும் ஒரு காலத்தில் கார்டுக்காக இதே வரிசைகளில் நின்றவர்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் அம்மா மேசையில் பேனையோடு இருந்தார். "அண்டைக்கு அவன் கொண்டுவந்த கேக்கை நானும் திண்டனான் எல்லே" என்றார். "எழுதத் தொடங்கு. நான் சொல்லுறன்."

சங்கத்தார் அக்காவுக்கு வேறொரு ஊரில் ஒரு அறை எடுத்துக் கொடுத்தார்கள். லா ஷப்பலில் அவரைக் காணவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கதை வந்தது. அந்தக் கதையை யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா என்னோடு போனில் கதைப்பார். ரெசிப்பிசே முடியும் ஒவ்வொரு முறையும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. தபால்பெட்டியைத் திறக்கப் பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிடுவார். பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை கிடைத்தது. விவாகரத்துத் தீர்ப்பு வந்த நாளில், "இனி நான் ஆர் எண்டு அவங்கள் கேட்டால் என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

ஒரு வருடத்துக்கும் மேல் போய்க் கார்ட் கிடைத்தது. பத்து வருடக் கார்ட் இல்லை. காலம் முடிந்தால் இன்னும் புதுப்பிக்க வேண்டிய சின்னக் கார்ட்தான். ஆனால் புதுப்பிக்க யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. வாங்கப் போகும்போது என்னையும் வரச் சொன்னார். கையில் வாங்கியதும் சிரிப்பார் என்று பார்த்தேன். பின்பக்கம் திருப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் என்னை வாசிக்க வைத்தார். பிறகு, "இதைத் திருப்பி எடுப்பினமோ?" என்றார். பயம் கார்டோடு போய்விடும் என்று நான்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அந்த மனுசன் என் கடைக்கு வந்தார். நாலாம் மாடி வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார். கொழும்பிலிருந்து ஒரு டிக்கெட் வேண்டும் என்றார், ஒரு வழி. "மட்டக்களப்பிலை இருந்து புதுப் பொம்பிளை வாறா, தங்கச்சி." அன்று அக்காவுக்கு போன் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "வயசு?"

"சின்னப் பிள்ளை அக்கா."

போன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு நான் எடுத்தாலும் அவர் எடுக்கவில்லை. புதுப் பெண் வந்தாள். ஒருமுறை அவருக்குப் பின்னால் தலை குனிந்து படியிறங்கிப் போவதைப் பார்த்தேன். "கூச்ச சுபாவம் போலை" என்று கீழ்வீட்டு மனுசி சொன்னார்.

ஒரு மத்தியானம், ரெஸ்ரோரண்டுகளில் வேலை உச்சத்தில் இருக்கும் நேரம், அக்கா என் கடை வாசலில் நின்றார்.

"நாலாம் மாடிக்கு வாறீரோ பிள்ளை? தனியப் போகக் கால் வருகுதில்லை."

எங்கள் கட்டடத்தில் படியேறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எங்கள் வாசலைத் தாண்டும்போது நின்றார். "திரும்புவம் அக்கா" என்றேன், எனக்கே பயமாக இருந்தது. தலையை ஆட்டி மறுத்துவிட்டு ஏறினார். நாலாம் மாடிக் கதவை ஒரு விரலால் தட்டினார்.

உள்ளே ஏதோ அசைந்தது. பிறகு சத்தமில்லை. மறுபடி தட்டினார்.

"ஆரு?" மெல்லிய குரல்.

"நான் முந்தி இந்த வீட்டிலை இருந்தனான்."

காலடி கதவுக்குக் கிட்ட வந்து நின்றது. "அவர் ஆரோடயும் கதைக்க வேணாமெண்டு சொன்னவர்."

"ஓம் பிள்ளை. எனக்கும் அப்பிடித்தான் சொன்னவர்." அக்கா கதவுக்கு இன்னும் கிட்டப் போனார். "திறப்பு உங்களிட்டை இருக்கோ?"

உள்ளே ஒரு மூச்சு இழுபட்டது. "இல்லக்கா."

கீழே தெருக் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. காலடி. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. காலடி ஏறியது, முதலாம் மாடியில் நின்றது, யாரோ ஒரு கதவைத் திறந்து உள்ளே போனார்கள். நாங்கள் இருவரும் மூச்சு விட்டோம். கதவுக்கு அந்தப் பக்கமும் மூச்சு விடுவது கேட்டது.

"வெளிய போனா கார்ட் தர மாட்டாங்களாம். நாட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்" என்றது குரல், அழுகைக்கு நடுவே.

"எனக்கும் அதைத்தான் சொன்னவர். நான் இஞ்சைதானே நிக்கிறன் பிள்ளை. என்னை அனுப்பேல்லை." அக்கா படியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "நான் ஒரு இலக்கம் சொல்லுறன். அந்தச் சட்டத்தரணி நல்ல பிள்ளை. எழுதாதேங்கோ. எழுதினால் அவர் தேடி எடுப்பார். மனசிலை வைச்சுக்கொள்ளுங்கோ."

அவர் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். உள்ளேயிருந்து அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். நடுவில் பிழைத்தது. அக்கா முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி பிழைத்தது. மறுபடி தொடங்கினார். அவள் அந்த இலக்கத்துக்கு அழைத்ததும், ஒருநாள் அவளையும் சங்கத்தார் வந்து கூட்டிப்போனதும் பல வாரங்கள் கழித்துத்தான். அன்று எங்களுக்கு அது தெரியாது. எந்த நேரமும் அவர் வந்துவிடலாம் என்பது மட்டும்தான் தெரியும்.

கடைசியில் அவள் ஒரு பிழையும் இல்லாமல் முழுவதையும் சொன்னாள். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன், போவோம் என்று. அவர் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ பிள்ளை" என்றார். "நான் நிக்கிறன்."